புட்பக விமானமும் தாய்க்கப்பல்களும்

விண்வெளிக் கதைகளில் வரும் மாபெரும் கலத்தைத் தமிழில் தாய்க்கப்பல் என்கிறோம். ஆங்கிலத்தைப் பார்த்துச் செய்த சொல்தான், ஆனாலும் பொருத்தமான சொல். சிறு கலங்களை வயிற்றில் சுமந்துபோய், வேண்டிய இடத்தில் இறக்கி, மறுபடி ஏற்றிக்கொள்வது அது. 1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் தொடக்கத்தில், திரையின் மேல் விளிம்பிலிருந்து வந்துகொண்டே இருக்கிற அந்த முக்கோணக் கப்பலைப் பார்த்து வாய் பிளக்காதவர்கள் குறைவு. பாறசாலையிலும் நெய்யாற்றின்கரையிலும் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்று அதைக் கைப்பேசியிலேயே பார்த்துவிடுகிறார்கள். பெரிய கப்பல்தான், சரி. உள்ளே இருக்கிறது யாரு? இந்த ஒரு கேள்வியை வைத்து இவ்வகைக் கதைகள் சிலவற்றை எடைபோட்டுப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

'ஸ்டார் வார்ஸ்' கப்பலுக்குள் இருப்பது ஒரே மாதிரி தலைக்கவசம் போட்ட படை. அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள், யாருக்குக் கடிதம் எழுதுகிறார்கள் என்று படம் கேட்பதில்லை. இந்தக் கற்பனையின் வேர் இரண்டாம் உலகப் போரின் விமானந்தாங்கிக் கப்பல்களில் இருக்கிறது. 1942-இல் மிட்வே சண்டையில் எதிரெதிர்க் கப்பல்கள் ஒன்றையொன்று கண்ணால் காணாமலே விமானங்களை அனுப்பி மோதிக்கொண்டன. அந்த மாதிரியை அப்படியே வானத்துக்குத் தூக்கிவிட்டார்கள். பார்க்க ரசமாக இருக்கும். கதை என்று எடுத்துக்கொண்டால் சாரம் கொஞ்சம்தான்.

நமக்குத் தெரிந்த பழைய சுமைக்கலம் புட்பக விமானம். எத்தனை பேர் ஏறினாலும் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். இதில் கவனிக்க வேண்டியது, இராமன் படை இலங்கைக்குப் போனது விமானத்தில் அல்ல. கல் சுமந்து, அணை கட்டி, நடந்து போனார்கள். விமானம் கிடைத்தது திரும்பி வரும்போதுதான். கம்பனின் எழுபது வெள்ளம் சேனையும் ஏறியது வீடு திரும்பத்தான். வான்மீகத்தில் இன்னும் ஓர் அழகு உண்டு. கிட்கிந்தைக்கு மேலே வரும்போது, தாரை முதலான வானரப் பெண்களையும் கூட்டிக்கொண்டு போகலாம் என்று சீதை கேட்கிறாள். விமானம் நிற்கிறது, அவர்களும் ஏறுகிறார்கள். ஒரு பெண் கேட்டதற்காக வழியில் நிறுத்தி ஆளேற்றிய பெருங்கலம் மேலைநாட்டுக் கதைகளில் எத்தனை உண்டு? (நம் பக்கத்திலிருக்கும் தும்பா விண்வெளி மையத்தார் 2024 மார்ச்சில் சித்திரதுர்க்காவில் தரையிறக்கிக் காட்டிய சிறகுக் கலத்துக்கும் 'புஷ்பக்' என்றுதான் பெயர். நீளம் ஆறரை மீட்டர். ஒருவர்கூட உட்கார இடமில்லை!)

ஆர்தர் கிளார்க் 1956 முதல் 2008-இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1973-இல் எழுதிய நாவலில் சூரிய மண்டலத்துக்குள் வந்து நுழையும் ஐம்பது கிலோமீட்டர் நீள உருளைக்கு 'ராமா' என்று பெயர் வைத்தார். கிரேக்க, ரோமானியப் பெயர்கள் தீர்ந்துபோனதால் இந்துப் புராணங்களுக்கு வந்தார்களாம்! உள்ளே கடல் இருக்கிறது, நகரங்கள் போன்றவை இருக்கின்றன, குடிமக்கள் இல்லை. வியப்பூட்டும் எழுத்து என்பதில் எனக்கு மாறுபாடு கிடையாது. ஆனால் பூட்டிக் கிடக்கும் பெரிய வீட்டைச் சுற்றிப் பார்த்த உணர்வுதான் மிஞ்சுகிறது. அதைவிட 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' தொடரின் 2004-க்குப் பிந்தைய வடிவம் எனக்கு உயர்வாகப் படுகிறது. அதுவும் போர்க்கப்பல்தான். ஆனால் பின்னால் வருவது அகதிகளின் கப்பல் கூட்டம். உயிரோடு மிஞ்சியவர்களின் எண்ணிக்கையைத் தலைவி ஒரு வெள்ளைப் பலகையில் எழுதி, அழித்து, திருத்திக்கொண்டே இருப்பாள்.

இவை எல்லாவற்றையும்விட நம்மவர்கள் படிக்க வேண்டியது சுவீடன் நாட்டு ஹாரி மார்ட்டின்சனின் 'அனியாரா' என்னும் நெடுங்கவிதை. பாழ்பட்ட பூமியிலிருந்து எண்ணாயிரம் பேரை ஏற்றிக்கொண்டு செவ்வாய்க்குப் புறப்பட்ட கப்பல் வழிதவறிவிடுகிறது. திருப்ப வழியில்லை. கப்பலில் 'மீமா' என்றொரு இயந்திரம், தூரத்துக் காட்சிகளைக் காட்டும். சனங்கள் அதன் முன்னே போய்க் கூடுகிறார்கள். பூமியின் அழிவையும் அது காண நேர்கிறது. அந்தத் துயரம் தாங்காமல் மீமாவே நின்றுபோகிறது. ஊர்த் தொலைக்காட்சியின் முன் நாம் உட்காரும் மாலைகளை நினைத்துக்கொண்டேன்.

இந்த நூல் வெளியானது 1956 அக்டோபரில். அடுத்த மாதம் முதல் தேதி தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. கேட்டும் கிடைக்காமல் நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இந்த மலரின் அட்டையில் புலம்பெயர்ந்தோர் என்று போட்டிருந்தாலும், நம்மில் பல குடும்பங்கள் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தவை. நகர்ந்தது கரைதான், கப்பல் அல்ல. ராபர்ட் ஹைன்லைன் 1941-இல் எழுதிய கதையில், தலைமுறை தலைமுறையாகக் கப்பலுக்குள்ளேயே பிறந்தவர்கள் அதைக் கப்பல் என்பதையே மறந்து, உலகமே இதுதான் என்று நம்புகிறார்கள். வீட்டில் ஒரு பேச்சு, பள்ளிக்கூடத்தில் ஒரு எழுத்து என்று வளரும் பிள்ளைக்கு இந்தக் கதையைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

தமிழில் இந்த வகை ஏன் வளரவில்லை என்பது என் மனக்குறை. சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா' பூமியிலேயே நிகழ்கிறது; அவருக்குக் கணினியும் இயந்திர நாயும் போதுமாக இருந்தன, அதில் அவர் வென்றார். பின்வந்தவர்களும் அந்த வழியில்தான் அதிகம் போனார்கள். ஆனால் பெருங்கலத்தில் போன அனுபவம் நமக்கில்லையா? 1926-இல் ஓடத் தொடங்கிய 'ராஜுலா' கப்பல் எழுபதுகள்வரை சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் நம் மக்களை ஏற்றிப்போனது. அறை கிடையாது, பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். அந்தத் தளத்தை அப்படியே வானத்துக்கு ஏற்றி ஒருவர் எழுதட்டும். அதில் சமையல் யார் பொறுப்பு, அறிவிப்பு எந்த மொழியில், நடுவழியில் பிறந்த குழந்தைக்கு ஊர் எது என்று எழுதுவார்கள்? இதையெல்லாம் எழுதத் தெரிந்தவர் பாறசாலைச் சந்தையில் இன்றைக்கும் காய்கறி வாங்கிக்கொண்டிருக்கலாம்.