ஆயர் எழுதிய கழித்தல் கணக்கு

உள்நாட்டுப் போர் மூளும்போது மதத்தலைவரின் கோல் எந்தப் பக்கம் சாய்ந்தது? ஆயர் ஒருவரின் வாழ்க்கையை எடைபோடுவோர் முதலிலே கேட்க வேண்டிய கேள்வி இது.

இங்கிலாந்திலே அக்கோல் அரண்மனைப் பக்கம் சாய்ந்தது. இலண்டன் ஆயர் வில்லியம் ஜக்சன், முதலாம் சார்லசு மன்னனின் கருவூலத் தலைவராகவும் இருந்தவர். 1649 சனவரி 30இல் மன்னன் தலை இழந்தபோது வெட்டுமேடையிலே அருகே நின்றவர் அவரே. 1660இல் முடியாட்சி மீண்டது; ஜக்சன் கான்டர்பரிப் பேராயரானார். 1661இல் இரண்டாம் சார்லசுக்கு முடிசூட்டினார். அஞ்சா நெஞ்சம், ஐயமில்லை. எனினும் அந்த வாழ்க்கைக் கதையிலே நாம் காண்பது ஒரு மன்னனின் சாவு. போரிலே மாண்ட உழவனும் தொழிலாளியும் அங்கே எங்கே?

ஈழத்திலே, நம் காலத்திலே, வேறொரு ஆயரைக் காண்கிறோம். நெடுந்தீவிலே 1940இல் பிறந்த இராயப்பு யோசேப்பு, 1992 முதல் மன்னார் ஆயர். போர் 2009 மே திங்களில் முடிந்தது. 2011 சனவரியிலே, அரசு அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன், மன்னார் மறைமாவட்டத்தின் பெயரால் அவர் ஓர் அறிக்கை அளித்தார்.

அணிநயம் நாடுவோர் அதிலே ஏமாறுவர். அதன் உயிர்நாடி ஒரு கழித்தல் கணக்கு. 2008 அக்டோபர் தொடக்கத்திலே வன்னியில் இருந்தோர், கச்சேரிப் பதிவின்படி, 4,29,059. 2009 சூலை 10 வரை அரசின் பகுதிக்கு வந்து சேர்ந்தோர், ஐ.நா. கணக்கின்படி, 2,82,380. எஞ்சிய 1,46,679 பேர் என்ன ஆயினர்?

இத்தனை பேரும் கொல்லப்பட்டனர் என்று ஆயர் முழங்கினாரில்லை, விளக்கம் கேட்டார். எழுத்தின் வலிமை அந்த அடக்கத்திலே இருக்கிறது. எண்களும் அவர் புனைந்தவை அல்ல. ஆட்சியாளரின் ஏட்டிலும் உலக மன்றத்தின் ஏட்டிலும் உள்ளவை. பதிவிலே பிழை உண்டு என்பர் சிலர். இருக்கட்டும்! திருத்திய கணக்கைப் பெயர் பெயராகக் காட்டுவதன்றோ முறை? நாமகிரிப்பேட்டை மஞ்சள் ஏலத்திலே ஒரு மூட்டை குறைந்தாலும் ஏட்டைப் புரட்டுகிறோம். மனிதர் குறைந்தால் மௌனமா?

குறையொன்று உண்டு. எண்ணுக்கு முகமில்லை. அக்குறையை நிரப்பினர், 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் பிள்ளைகளின் படங்களை ஏந்தித் தெருவோரத்தில் அமர்ந்த தாய்மார். ஆயரின் கணக்கையும் அன்னையரின் படங்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒன்று மற்றொன்றுக்கு உரை.

அவருடைய சமயத்தை நாம் ஏற்க வேண்டியதில்லை. 2021 ஏப்ரல் 1இல் அவர் மறைந்தார். எவருக்கும் முடிசூட்டியவரல்லர், முடியாட்சியும் குடியாட்சியும் ஒருசேர அஞ்சும் கேள்வியை விட்டுச் சென்றவர். அக்கேள்வியை அணையாது காப்பது எழுதுவோர் கடன்.