பழைய ஸ்பீக்கரைச் செப்பனிடும் கலை: மரபுகளும் அளவுகோல்களும்

ஒரு ஸ்பீக்கரில் முதலில் உயிர்விடுவது அதன் விளிம்புதான். 1970களில் வந்த, கீழ்ஸ்வரம் தரும் ஊஃபர்கள் பலவற்றில் கோனின் வெளிவட்டத்தை உலோகச் சட்டத்தோடு இணைப்பது பாலியூரித்தேன் நுரையாலான மெல்லிய வளையம். காற்றிலுள்ள ஈரமும் ஆக்சிஜனும் அதை மெல்ல மெல்ல அரிக்கின்றன. 15, 20 ஆண்டுகள் கழிந்தால் விரல் பட்டதும் பொடியாக உதிர்கிறது, அல்லது பிசினாகி ஒட்டிக்கொள்கிறது. அடுத்துக் கெடுவது, ஒலியை ஸ்வர வாரியாகப் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் பலகையில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கண்டன்சர். அதன் பிறகு, மேல் ஸ்வரம் தரும் ட்வீட்டரின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் திருகு களிம்பேறிக் கரகரக்கும். ஆனால் காந்தமும் செம்புக் காயிலும் காகிதக் கோனும் வெனீர் ஒட்டிய மரப்பெட்டியும் அரை நூற்றாண்டு தாண்டியும் நிற்கின்றன. கெடுவது கொஞ்சம், நிலைப்பது நிறைய. அதனால்தான் பழைய ஸ்பீக்கரைச் செப்பனிடுவது உலகெங்கும் ஒரு தனிக் கைத்திறனாக வளர்ந்திருக்கிறது.

செப்பனிடுபவர்களிடையே மூன்று கட்சிகள் உண்டு. மூலப் பொருளைத் தவிர வேறெதுவும் கூடாது, கீறல்கூட வரலாறுதான் என்பவர்கள் ஒரு பக்கம். கெட்டதை மட்டும் மாற்றி, ஆலையை விட்டு வெளிவந்த நாளில் எப்படி ஒலித்ததோ அந்த நிலைக்குக் கொண்டுவந்தால் போதும் என்பவர்கள் நடுவில். பெட்டியையும் ஊஃபரையும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் இன்றைய அறிவால் திருத்தலாம் என்பவர்கள் மறுபக்கம். இவர்களில் யார் சரி என்பதைப் பொதுவாகச் சொல்லிவிட முடியாது. எந்தப் பெட்டி, எந்த மரபில் வந்தது என்பதைப் பொறுத்துத்தான் விடை மாறும்.

இன்றைய வீட்டு ஸ்பீக்கருக்கு மூதாதை, அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் செஸ்டர் ரைஸும் எட்வர்ட் கெல்லாக்கும் உருவாக்கி 1925இல் வெளியிட்ட அமைப்பு. காந்தப் புலத்தில் தொங்கும் காயில், அதோடு ஒட்டிய கோன் என்ற அந்த அடிப்படை இன்றுவரை மாறவில்லை. மாறியதெல்லாம் பெட்டியைப் பற்றிய சிந்தனைதான்.

அமெரிக்காவில் முதலில் வேரூன்றியது ஹார்ன் மரபு. பால் கிளிப்ஷ் 1940களில் ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஹோப் என்ற சிற்றூரில் செய்யத் தொடங்கிய கிளிப்ஷ்ஹார்ன், அறையின் மூலைச்சுவர்களையே தன் ஹார்னின் நீட்சியாகப் பயன்படுத்துகிறது. ஒரு வாட் கொடுத்தாலே வீடு அதிரும். இதைச் செப்பனிடுபவர் பெட்டிக்குள் கைவைப்பதற்கு முன்னால் அறையின் மூலையைப் பார்க்க வேண்டும். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே இடைவெளி விட்டுவிட்டு, கீழ்ஸ்வரம் வரவில்லையே என்று ஊஃபரை மாற்றிப் பயனில்லை. இந்த வகைப் பழைய கிராஸ்ஓவர்களில் எண்ணெய் நிரப்பிய கண்டன்சர்கள் இருக்கும். 1979இல் அமெரிக்கா தயாரிப்பைத் தடைசெய்த பிசிபி என்ற நச்சு எண்ணெய் அவற்றில் சிலவற்றில் உண்டு. கசியும் கண்டன்சரை வெறுங்கையால் தொடக் கூடாது.

மேற்குக் கரையின் ஜேபிஎல் மரபு வேறு வகை. 1970இல் வந்த எல்100, ஒலிப்பதிவுக் கூட மானிட்டர் ஒன்றின் வீட்டு வடிவம். அதன் கிராஸ்ஓவரைத் திறந்து பார்ப்பவர்கள் திகைத்துப்போவார்கள். 12 அங்குல ஊஃபருக்கு வடிப்பானே கிடையாது. நடு ஸ்வரத்துக்கு ஒன்று, மேல் ஸ்வரத்துக்கு ஒன்று என இரண்டே கண்டன்சர்கள். ஊஃபர் தன் இயல்பான எல்லை வரை பாடிவிட்டுத் தானாக ஓய்கிறது. இதைக் குறையென்று கருதி முழுமையான வடிப்பானைச் சேர்ப்பவர்கள் உண்டு. அப்போது வரைபடம் நேராகிறது. ஆனால் ராக் இசை கேட்டவர்கள் காதலித்த அந்த முன்பாய்ச்சல் அடங்கிவிடுகிறது. திருத்தியே ஆக வேண்டுமென்றால் புதிய கிராஸ்ஓவரைத் தனிப் பெட்டியில் வெளியே வைத்து, பழையதை உள்ளேயே விட்டுவிடுவது நேர்மையான வழி. வேண்டாமென்றால் ஒரு மணி நேரத்தில் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

கிழக்குக் கரையில்தான் பெரிய புரட்சி நடந்தது. 1954இல் மாசசூசெட்ஸின் கேம்பிரிட்ஜில் எட்கர் வில்சரும் ஹென்றி க்ளாஸும் அக்கூஸ்டிக் ரிசர்ச் (ஏஆர்) நிறுவனத்தைத் தொடங்கினார்கள். கோனைத் தாங்கும் விளிம்பை வேண்டுமென்றே தளர்வாக்கி, மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாக வேலை வாங்கினார் வில்சர். அலமாரியில் வைக்கும் அளவுள்ள பெட்டியிலிருந்து அதுவரை கேட்காத ஆழத்தில் கீழ்ஸ்வரம் வந்தது. ஃபைன் ஆர்ட்ஸ் குவார்ட்டட் என்ற நால்வர் இசைக்குழு மேடையில் வாசிக்கும்போதே இடையிடையே ஸ்பீக்கருக்கு மாற்றிக் காட்டி, வேறுபாட்டைக் கண்டுபிடியுங்கள் என்று கேட்போருக்குச் சவால் விட்டது நிறுவனம். 1958இல் வந்த ஏஆர்-3 இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1967இல் ஏஆர்-3ஏ வந்தது.

இந்த மரபில் பெட்டியின் காற்றடைப்புதான் உயிர்நாடி. சோதிக்கும் முறை எளிது. ஊஃபர் கோனை விரல்களால் சமமாக உள்ளே அழுத்தி விட்டால், அது ஓரிரு நொடி எடுத்துக்கொண்டு மெதுவாகத் திரும்ப வேண்டும். சட்டென்று திரும்பினால் எங்கோ கசிவு. தொடக்க கால ஏஆர் ஊஃபர்களில் நுரைக்குப் பதில் பூச்சிட்ட துணி விளிம்பு இருந்தது. அது கிழியாவிட்டாலும் பூச்சு உலர்ந்து காற்றை விடும். அதற்கு மறுபூச்சு போதும், துணியைப் பிய்க்கவே கூடாது. பின்னால் வந்த நுரை விளிம்பு உதிர்ந்திருந்தால் அதே மென்மையுள்ள நுரையைத்தான் ஒட்ட வேண்டும். நெடுநாள் உழைக்கும் என்று கனமான ரப்பர் விளிம்பை ஒட்டினால், தளர்வான விளிம்பை நம்பிப் போட்ட வில்சரின் கணக்கு குலைகிறது.

ஏஆர்-3ஏயின் கிராஸ்ஓவரில் 150, 50, 6 மைக்ரோஃபாரட் கண்டன்சர்கள் இருக்கின்றன. ‘ரீகேப்’ என்று சொல்லி எல்லாவற்றையும் விலை உயர்ந்த ஃபிலிம் கண்டன்சராக மாற்றுவது இன்று வழக்கமாகிவிட்டது. இதில் ஒரு நுட்பம் கவனிக்கத் தக்கது. பழைய எலக்ட்ரோலிடிக் கண்டன்சருக்குள் சிறிதளவு மின்தடை உண்டு. வடிவமைத்தவர் அதையும் சேர்த்தே ஒலியைச் சமன்செய்திருப்பார். ஃபிலிம் கண்டன்சரில் அந்தத் தடை ஏறத்தாழ இல்லை. எண் ஒன்றாக இருந்தாலும் மேல் ஸ்வரம் சற்றுக் கூர்மையாகிவிடும். பலர் இதை முன்னேற்றம் என்று கொண்டாடுகிறார்கள். உண்மையில் அது சமநிலை தவறியதன் அடையாளமாக இருக்கலாம். ஓர் ஓமுக்கும் குறைவான ரெசிஸ்டர் ஒன்றைச் சேர்த்தால் பழைய நிலை திரும்பும். 150 மைக்ரோஃபாரட் போன்ற பெரிய மதிப்புக்குப் புதிய, துருவமற்ற எலக்ட்ரோலிடிக் கண்டன்சரே போதும் என்பது அனுபவமுள்ளவர்களின் வழக்கம்.

பிரிட்டன் மரபுக்கு வந்தால் பேச்சு நீளத்தான் செய்யும். அங்கே அளவுகோலை வகுத்தது வணிகம் அன்று, வானொலி. பிபிசியின் ஆய்வுப் பிரிவு தன் பொறியாளர்கள் கேட்பதற்காகவே ஸ்பீக்கர்களை வடிவமைத்து, தயாரிக்கும் உரிமையை வெளி நிறுவனங்களுக்குக் கொடுத்தது. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காக உருவான எல்எஸ்3/5ஏ, 12 அங்குல உயரமே உள்ள குட்டிப் பெட்டி. 1970களின் நடுவிலிருந்து ரோஜர்ஸ், சார்ட்வெல், ஸ்பெண்டார், ஹார்பெத் எனப் பலரும் அதைச் செய்தார்கள். ஸ்பெண்டாரைத் தொடங்கிய ஸ்பென்சர் ஹியூஸும் ஹார்பெத்தைத் தொடங்கிய டட்லி ஹார்வுட்டும் பிபிசியில் பணியாற்றியவர்களே.

ஹார்வுட்டின் ஆய்வு பெட்டிச் சுவரைப் பற்றியது. தடித்த, விறைப்பான சுவர் அதிர்வை நிறுத்துவதில்லை, காது அதிகம் உணரும் நடு ஸ்வரப் பகுதிக்குத் தள்ளிவிடுகிறது என்று அவர் கண்டார். அதனால் பிபிசி மரபு மெல்லிய பிர்ச் பிளைவுட்டை எடுத்து, உள்பக்கம் தார்த்தகடு ஒட்டி, அதிர்வைக் கீழே இறக்கி அடக்கியது. எல்எஸ்3/5ஏயின் உள்மூலைக் கட்டைகளில் பீச் மரத்துக்குப் பதிலாக வேறு மரத்தைப் போட்டபோதே வேறுபாடு தெரிந்தது. இந்தப் பெட்டிக்குள் குறுக்குக் கட்டை அடித்து ‘உறுதிப்படுத்தும்’ மேம்பாட்டாளர் நல்ல எண்ணத்தோடுதான் செய்கிறார்; ஆனால் ஒரு பெரிய ஆய்வை ஒரு மாலை நேரத்தில் அழித்துவிடுகிறார். கிராஸ்ஓவரிலும் அப்படித்தான். ட்வீட்டரின் ஒலி அளவை அந்தந்த யூனிட்டுக்கு ஏற்பச் சரிசெய்யப் பல முனைகள் உள்ள மின்மாற்றி அதில் இருக்கிறது. இடப் பெட்டியின் பலகையை வலப் பெட்டிக்கு மாற்றினால்கூட ஜோடி பிசகும். முன்வலையும் ட்வீட்டரைச் சுற்றியுள்ள கம்பளித் துணியும் அலங்காரம் அல்ல, ஒலியின் பகுதி. செப்பனிடும்போது இவற்றைக் கழற்றி எறிபவர்களை மன்னிப்பது கடினம்.

பிரிட்டனின் இன்னொரு நிறுவனமான டானாயின், 1947இல் பிறந்த டூயல் கான்சென்ட்ரிக், ஊஃபரின் மையத்திலேயே மேல் ஸ்வர ஹார்னை வைத்தது. சில்வர், ரெட், கோல்டு என்று தலைமுறைக்கு ஒரு பெயர். 1974இல் ஆலையில் தீவிபத்து. அதன் பின் வந்த எச்பிடி வரிசையில் விளிம்பு நுரைக்கு மாறியது. அதனால் வயதில் மூத்த ரெட் பல இடங்களில் நலமாக இருக்க, இளைய எச்பிடி விளிம்பு உதிர்ந்து மேசைக்கு வருகிறது. பழைய டானாய்களின் ஆல்னிகோ காந்தத்தை ஒருபோதும் அதன் இரும்புச் சுற்றிலிருந்து பிரிக்கக் கூடாது. பிரித்தால் வலுவிழக்கும், மீண்டும் காந்தமேற்ற வேண்டிவரும். ஆல்னிகோவுக்குக் கோபால்ட் வேண்டும். 1978இல் சயீரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசில்) மூண்ட சண்டையால் கோபால்ட் விலை எகிற, உலகம் முழுவதும் ஸ்பீக்கர் தொழில் ஃபெரைட் காந்தத்துக்கு நகர்ந்தது.

பீட்டர் வாக்கர் 1957இல் வெளியிட்ட குவாட் மின்நிலை ஸ்பீக்கரில் கோனும் இல்லை, காந்தமும் இல்லை. ஆயிரக்கணக்கான வோல்ட் ஏற்றிய மெல்லிய பிளாஸ்டிக் படலம் துளையிட்ட தகடுகளுக்கு நடுவே அசைகிறது. மனிதக் குரலை இவ்வளவு தெளிவாகத் தந்த வீட்டு ஸ்பீக்கர் அதற்கு முன் இல்லை, பிறகும் அரிது. இன்றைய வலுத்த ஆம்பிளிஃபயரை அதில் பூட்டினால் படலத்தில் தீப்பொறி பாய்ந்து துளை விழும். படலம் மாற்றுவது வீட்டு மேசையில் கற்றுக்கொள்ளும் வேலை அல்ல. உயர் மின்னழுத்தத்தில் பழகியவரிடமே கொடுக்க வேண்டும்.

ஜப்பானில் வானொலிதான் பிபிசியைப் போல அளவுகோல் தந்தது. மிட்சுபிஷியின் டயடோன் 2எஸ்-305 என்எச்கே வானொலிக்கான மானிட்டர். பிற்கால டயடோன்களின் துணி விளிம்பு உதிர்வதில்லை, கெட்டித்துப்போகிறது. கோன் அசையாமல் கீழ்ஸ்வரம் மறைந்துவிடும். ஜப்பானியக் கைவினைஞர்கள் மென்மையாகப் பதப்படுத்திய மான்தோலை விளிம்பாக ஒட்டுவதும் உண்டு. மூலப் பொருள் அன்று என்றாலும் அசைவு திரும்பக் கிடைக்கிறது. 1974இல் வந்த யமஹா என்எஸ்-1000எம்மின் பெரிலியம் குவிமாடத்துக்கு இந்த வழியும் இல்லை. உடைந்தால் உடைந்ததுதான், பெரிலியத் தூள் நுரையீரலுக்குக் கொடிய நஞ்சு என்பதால் சில்லுகளைக் கிளறவும் கூடாது.

எல்லா மரபுக்கும் பொதுவான அளவுகோல்கள் சில உண்டு. 8 ஓம் ஊஃபரின் காயில் மீட்டரில் 6 ஓமை ஒட்டிக் காட்ட வேண்டும். விளிம்பு ஒட்டும்போது காயில் காந்த இடுக்கின் நடுவில் நிற்க வேண்டும். தூசிமூடியை அறுத்துத் தகடு செருகி நிறுத்துவது ஒரு முறை; 30 ஹெர்ட்ஸ் ஒலியை மெல்ல ஓட்டிக்கொண்டே, பசை உலருமுன் உரசல் இல்லாத இடத்தைக் காதால் தேடுவது இன்னொரு முறை. 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையை ஊஃபரின் நேர்முனையிலும் எதிர்முனையை எதிர்முனையிலும் தொட்டால் கோன் வெளியே வர வேண்டும்; பழைய ஜேபிஎல்லில் மட்டும் உள்ளே போகும், அது தவறல்ல. வேலைக்கு முன்னும் பின்னும் மின்மறுப்பு வரைபடம் எடுத்து, இரண்டு பெட்டிகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே கடைசித் தேர்வு. ஆஸ்திரேலியரான நெவில் தீல் 1961இல் வகுத்து, ரிச்சர்ட் ஸ்மால் 1970களில் விரித்த கணக்கு முறையால் இந்தச் சோதனை இன்று யாருக்கும் எட்டும்.

தமிழ்நாட்டில் மைக் செட் ஸ்பீக்கருக்குக் கோனும் காயிலும் மாற்றும் கைப்பழக்கம் நெடுங்காலமாக இருக்கிறது. காயிலை நடுவில் நிறுத்துவதில் அந்தக் கைவினைஞர்களின் விரலுக்குள்ள நிதானம் எந்த நாட்டுக் கைவினைஞருக்கும் குறைந்ததல்ல. ஆனால் திருவிழா மைதானத்தில் உரக்க ஒலிப்பதற்கான கனத்த கோனை வீட்டு ஊஃபரில் ஏற்றினால், அது அந்தப் பெட்டிக்குப் பொருந்தாது. கடலோர ஈரம் நுரையை வேகமாகத் தின்னும் ஊர்களில், விளிம்பை மட்டும் மாற்றி மூலக் கோனைக் காப்பாற்றித் தருமாறு கேட்டு வாங்குவதே நல்லது.

நிறுவனங்களும் இப்போது பழமைக்குத் திரும்பியிருக்கின்றன. ஜேபிஎல் 2018இல் எல்100 கிளாசிக்கையும், வார்ஃப்டேல் 2019இல் தன் பழைய லின்டனையும் மீண்டும் கொண்டுவந்தன. இங்கிலாந்தின் ஃபால்கன் அக்கூஸ்டிக்ஸ் எல்எஸ்3/5ஏயின் யூனிட்டுகளைப் புதிதாகவே செய்கிறது. வாங்க முடிந்தவர்களுக்கு நல்ல வழிதான். ஆனால் புதிய பதிப்பு வந்ததால் பழைய ஜோடியின் மதிப்பு குறையவில்லை, கூடியிருக்கிறது.

வீட்டுப் பரணில் பழைய ஜோடி ஒன்று கிடந்தால், வாசகர்கள் அதை எடைக்குப் போடாமல் ஒரு முறை திறந்து பார்க்க வேண்டும். எதை மாற்றினாலும் கழற்றிய பாகங்களை உறையிலிட்டு, மதிப்பும் தேதியும் எழுதிய சீட்டோடு பெட்டியின் உள்ளேயே வைத்து மூடுங்கள். அடுத்துத் திறப்பவருக்கு அது தேவைப்படும்.