கல்லறையும் பதிவேடும்

திருவண்ணாமலையில் செங்கம் சாலை வழியே கிரிவலம் வருகிறவர், சேஷாத்ரி ஸ்வாமிகளின் சமாதியையும் அதை அடுத்துள்ள ரமணாசிரமத்தையும் கடக்கும்போது, கிறிஸ்தவத் திருச்சபையார் தலைமுறை தலைமுறையாக ஏடு வைத்துக் காப்பாற்ற முயன்றுவரும் ஒரு காரியம் இங்கே ஏடில்லாமலே நிறைவேறியிருப்பதைக் காணலாம். 1922-இல் ரமண மகரிஷியின் அன்னை அழகம்மாளை அடக்கம் செய்த இடம் எது, 1929-இல் சேஷாத்ரி ஸ்வாமிகளைச் சமாதி வைத்த இடம் எது, 1950 ஏப்ரலில் மகரிஷியின் திருமேனி வைக்கப்பட்ட இடம் எது என்று கேட்டால், வாசலில் பூக்கட்டும் பெண்கூடக் கையை நீட்டிக் காட்டிவிடுவாள். இங்கிலாந்திலிருந்து வந்து இங்கேயே தங்கிவிட்ட மேஜர் சாட்விக்குக்கு ஆசிரமத்தில் சமாதி உண்டு. ஆசிரமத்துப் பசு லட்சுமிக்கும் உண்டு. 1948-இல் அப்பசு இறந்தபோது மகரிஷியே இயற்றிய வெண்பா, சர்வதாரி வருஷம், ஆனி மாதம், துவாதசி திதி, வெள்ளிக்கிழமை, விசாக நக்ஷத்திரம் என்று காலத்தை அணுவளவும் பிசகாமல் குறித்து வைத்திருக்கிறது. திதி தெரிந்தால் குருபூஜை தவறாது. குருபூஜை தவறாதவரை இடமும் மறக்காது. நம் மரபின் கணக்கு இவ்வளவுதான்.

இந்தக் கணக்கு விளக்கெரியும் வரையில்தான் செல்லும் என்பதையும் சொல்லியாக வேண்டும். பூஜை செய்யும் வம்சமோ மடமோ க்ஷீணித்துப்போனால், எந்தச் சித்தர், எந்த நூற்றாண்டு என்று கேட்பவருக்கு விடை சொல்ல ஆளிராது. பெயர் மட்டும் நின்று வரலாறு நழுவிப்போன சமாதிகள் அருணகிரியைச் சுற்றிலும் உள்ளன. பக்தி இடத்தைக் காக்குமேயன்றி, அதில் அடங்கியவர் யார் என்பதற்குப் பிரமாணம் ஆகாது.

திருச்சபையின் அடக்கப் பதிவேடோ இதற்கு நேர்மாறானது. மரித்த நாள், அடக்கம் செய்த நாள், பெயர், வயது, தொழில், மரண காரணம், ஆராதனை நடத்திய குருவானவரின் கையொப்பம் என்று பத்திகள் பிரித்து எழுதப்பட்ட அந்த ஏட்டில், ஆளைப் பற்றிய சந்தேகத்துக்கு இடமில்லை. கும்பினி ஆட்சிக்காலத்திலேயே சென்னை ராஜதானியின் பதிவுகளுக்குப் பிரதி எடுத்து லண்டனுக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டுவிட்டபடியால், இங்கே மூல ஏடு கரையானுக்கு இரையானாலும் 1698 தொடங்கி வரும் பிரதிகள் பிரிட்டிஷ் நூலகத்தில் கிடைக்கின்றன. வாரிசுரிமைக்கும் வம்ச சரித்திரத்துக்கும் இதைவிடச் சிறந்த ஆதாரம் வேறில்லை. ஆயினும் ஏழு பத்திகளைத் திட்டமிட்டவர்கள் எட்டாவதாகக் குழி எங்கே என்பதற்கு ஒரு பத்தியை வைக்க மறந்துவிட்டார்கள். அல்லது, அன்றைக்கு அது எல்லோருக்கும் தெரிந்த சங்கதியாகையால் அவசியமில்லை என்று எண்ணிவிட்டார்கள். ஏட்டைத் தொகுத்து அகராதி வரிசையில் அச்சிட்டுவிட்டால் கல்லறையைக் கண்டுபிடித்துவிடலாம் என்று நம்புகிறவர்கள் கவனிக்க வேண்டிய குறை இதுவே.

ஏடு கைவிட்டால் கல் காட்டும் என்பார்கள். சென்னைக் கோட்டையில் 1680-இல் பிரதிஷ்டையான புனித மேரி ஆலயத்தின் முற்றத்தில் பரப்பியிருக்கும் கல்வெட்டுப் பலகைகளைப் பார்த்தவர் இதை எளிதில் ஒப்பமாட்டார். பிற்காலத்தில் சட்டக் கல்லூரி எழுந்த இடத்தில் இருந்த பழைய மயானத்தின் கல்லறைகள், 1758-59 முற்றுகையில் லாலியின் பிரெஞ்சுப் படையினர் மறைந்து நின்று சுடுவதற்கு வாய்ப்பாகிவிட்டதனால், பின்னர் அவற்றை இடித்துப் பலகைகளைப் பெயர்த்து இங்கே கொண்டுவந்தார்கள். கவர்னர் எலிஹு யேலின் மகன் அடங்கிய நினைவுத்தூண் ஒன்று அப்போது பழைய இடத்திலேயே தப்பி நின்றது. ஆகவே முற்றத்துப் பலகையின் முன் மண்டியிடும் சந்ததியார், தம் முன்னோர் இல்லாத இடத்தில் கண்ணீர் விடுகிறார்கள்.

கல் மட்டுமா நகரும்? 1827-இல் வாந்திபேதியில் மாண்ட கவர்னர் தாமஸ் மன்றோவை முதலில் அடக்கியது ஆந்திர தேசத்துக் குத்தியில். நான்கு ஆண்டுகளுக்குப் பின் எச்சங்களை எடுத்துவந்து இந்த ஆலயத்தில் வைத்தார்கள். அடக்கத்தன்று எழுதிய ஏடு, பின்னர் நிகழும் பிரயாணங்களை அறியாது.

கல்லெழுத்துகளைத் தொகுத்த முயற்சிகளுள் ஜூலியன் ஜேம்ஸ் காட்டன் 1905-இல் வெளியிட்ட சென்னை ராஜதானிப் பட்டியல் தலையாயது. அதன் உழைப்பை எவ்வளவு புகழ்ந்தாலும் தகும். ஆனால் சரித்திர முக்கியத்துவம் உள்ள கல்லறைகள் என்று அதன் தலைப்பே வரம்பு கட்டிக்கொள்வதால், கல் நாட்ட வசதியற்ற தமிழ்க் கிறிஸ்தவர்கள் அதில் இடம்பெற வழியில்லாமற் போயிற்று. கல்லெழுத்தைப் பார்த்துத் தொகுப்பதன் பயனுக்கு நமக்கெல்லாம் வேண்டிய உதாரணம் தமிழறிஞர் ஜி. யு. போப்பையர். 1908-இல் காலமான அவர் தம் கல்லறையில் ‘தமிழ் மாணவன்’ என்று பொறிக்கச் சொன்னதாக மேடைதோறும் கேட்கிறோம். ஆக்ஸ்போர்டு செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் உள்ள கல்லோ, அவர் தமிழும் தெலுங்கும் போதித்ததையும், குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து அதை நாட்டியதையும் சொல்கிறதேயன்றி அந்தத் தொடரைச் சொல்லவில்லை. உண்மை கதையைவிடக் குறைந்ததென்று நான் கருதவில்லை.

இடத்தையே பிரதானமாகக் கொண்ட பதிவு எப்படி இருக்கும் என்று அறிய நந்தம்பாக்கம் யுத்தக் கல்லறைக்குப் போகலாம். அங்கே ஒவ்வொரு வீரனுக்கும் பகுதி, வரிசை, குழி என்று எண் உண்டு. ஏட்டைப் பார்த்து நேரே நடந்து சேரலாம். இந்த ஒழுங்கு எளிதில் கிடைத்ததன்று. சிதறிக்கிடந்த இரண்டாம் யுத்தகாலச் சடலங்களை 1952-இல் ஓரிடத்தில் கொண்டுவந்து சேர்த்ததன் பலன் அது. முதல் யுத்தகாலத்தவர் ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அதுவும் வாய்க்காமல், பெயர் மட்டும் சுவரில் நிற்கிறது.

ஆலயம்தோறும் இப்படிப் புதைத்தவர்களைத் தோண்டி அடுக்க முடியாது. செய்யக்கூடியது, ஏட்டையும் கல்லையும் ஒப்பிட்டு, குழி வெட்டும் முதியவரையும், கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்ற வருகிறவர்களையும் விசாரித்து, வரைபடம் எழுதுவது. ஒரே குழியைக் குடும்பத்தார் மறுபடி மறுபடி திறக்கும் நகரங்களில், ஒரு குறிக்குள் பல பெயர்களை அடக்க வேண்டியிருக்கும். இன்னொரு சங்கடமும் உண்டு. பதிவேட்டில் எல்லோரும் ஒரே பத்தியின் கீழ் ஒருவரை அடுத்து ஒருவராக நிற்கிறார்கள். திருச்சி மேலப்புதூரில் தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்து எழுப்பிய சுவரை ஏடு காட்டாது. வரைபடம் எழுதுகிறவர் நேர்மையானவராயின், அந்தச் சுவரையும் அளந்து வரைந்தாக வேண்டும்.