61 சதவீதத்தைப் பார்க்காதீங்க, 1.46 செ.மீ.யைப் பாருங்க

வளர்ச்சி ஹார்மோன் குறைபாடு உள்ள குழந்தைக்கு ஊசி ஆரம்பிச்சா முதல் வருஷம் எத்தனை செ.மீ. வளரும்? இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல வந்த மாடல்களில் முக்கியமானது, 1999-ல் ஜெர்மனியின் மைக்கேல் ராங்கெ குழு வெளியிட்டது. பருவமடையாத 593 குழந்தைகளின் தரவு. எடுத்தது கிக்ஸ் என்ற பன்னாட்டுப் பதிவேட்டிலிருந்து. அதை நடத்தியது மருந்து தயாரித்த நிறுவனமே.

உள்ளீடுகள் ஆறுதான்: தூண்டல் சோதனையில் ஹார்மோன் தொட்ட உச்ச அளவு, வயது, பெற்றோர் உயரத்தை வைத்துப் பார்த்தால் குழந்தை எவ்வளவு குள்ளம், இப்போதைய எடை, பிறந்தபோது எடை, மருந்தின் டோஸ்.

இந்த மாடல் "61 சதவீத வேறுபாட்டை விளக்குகிறது" என்பார்கள். அது 61 சதவீதத் துல்லியம் இல்லை. குழந்தைக்குக் குழந்தை வளர்ச்சி மாறுவதில் அவ்வளவு பங்கு இந்த ஆறு காரணங்களுக்குள் அடங்குது, அவ்வளவுதான். ஒரு வீட்டுக்குத் தேவையான எண் வேறு: பிழையின் திட்ட விலக்கம், 1.46 செ.மீ. மாடல் 9 செ.மீ. என்று சொன்னால், நிஜத்தில் 6-லிருந்து 12 வரை எதுவும் நடக்கலாம். 6 என்றால் ஏமாற்றம், 12 என்றால் கொண்டாட்டம்.

இன்னொரு வேடிக்கை. நான்காம் வருஷத்துக்கு வரும்போது 61 என்பது 30 ஆகிவிடும். மாடல் மோசமாயிடுச்சா? இல்லை. பிழை 0.95 செ.மீ.யாகக் குறைந்திருக்கு! குழந்தைகளுக்குள் வித்தியாசமே சுருங்கிவிட்டதால் சதவீதம் விழுது. சதவீதத்தை மட்டும் பார்த்து மாடலை எடை போட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

என் பெரிய குறை வேறு. மாடல் சொல்வது மொத்த வளர்ச்சியை. ஊசி இல்லாமலும் குழந்தை கொஞ்சம் வளர்ந்திருக்குமே, அதைக் கழித்தால் மருந்தின் பங்கு எவ்வளவு? பதிவேட்டில் இருப்பவர்கள் எல்லாருமே ஊசி போட்டவர்கள். அதனால் அந்தப் பதில் இந்த மாடலிலிருந்து வராது.

அப்போ குப்பையா? இல்லவே இல்லை. சர்வர் மானிட்டரிங் மாதிரி பயன்படுத்தணும். எதிர்பார்த்தது 9, வந்தது 5 என்றால் அது எச்சரிக்கை மணி. உடனே டோஸை ஏத்தக்கூடாது. தினசரி ஊசியில் எத்தனை நாள் விட்டுப்போச்சு என்று முதலில் கேட்கணும். ஏன்னா, அந்த ஆறு உள்ளீடுகளில் அது இல்லை.