பழையதும் அதன் ரசிகர்களும்

சமீப வருஷங்களில் நம் கவிதைகளில் பழைய சோறு அதிகமாகிவிட்டது. மண் கலயம், உரித்த சின்ன வெங்காயம், சுண்டக் குழம்பு, திண்ணையில் ஒரு அப்பத்தா. இவை வந்துவிட்டால் மண்வாசனையும் வந்துவிட்டதாக நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. சொற்சிக்கனத்தில் குறை சொல்ல முடியாத கவிதைகள்தான். ஆனாலும் படித்து முடித்ததும் ஒரு பொய்யைக் கேட்ட உணர்வு. அந்தப் பொய் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

ருசியில் பொய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சூட்டில் மணம் முந்திக்கொள்கிறது. ஆறி ஒரு ராத்திரி கழிந்தபின் புளியும் உப்பும் மீனுக்குள் இறங்கி, எண்ணெய் மேலே ஒதுங்கி, குழம்பு வேறொன்றாகிவிடுகிறது. தண்ணீர் ஊற்றிய சோறு விடிவதற்குள் லேசாகப் புளிக்கிறது. இதைச் சூடு இழந்த உணவு என்று மட்டும் சொல்ல முடியாது, தனி ருசி. காலையில் கட்டிய டப்பாவை மதியம் கவுன்ட்டரை விட்டு எழுந்தபின் திறந்து, ஆறினபடியே சாப்பிடுகிறவன் நான். ஆபீசில் மைக்ரோவேவ் வந்தபிறகும் அப்படித்தான்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் மருத நிலத்து உழைப்பாளிகளின் பிள்ளைகளைக் காட்டுகிறார். குவிந்து கிடக்கும் பழஞ்சோற்றை வெறுத்து, புதிதாக வேய்ந்த குடிசை முற்றத்தில் அவல் இடிக்கிறார்கள். அந்த உலக்கைச் சத்தத்துக்குக் கிளிகள் பயப்படுகின்றன. அவ்வளவுதான். கவிஞர் பரிதாபப்படவும் இல்லை, பாராட்டவும் இல்லை. தினமும் தின்கிறவனுக்குப் பழையது சலித்துப்போகும் என்ற எளிய விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நம் கவிதைகளில் யாருக்கும் எதுவும் சலிப்பதில்லை.

எந்தச் சோறு என்ற கேள்வியும் இருக்கிறது. 1895இல் பெரியாறு அணை வந்து வைகைக்குத் தண்ணீர் திரும்பியபிறகுதான் மேலூர்ப் பக்கம் நெல் இந்த அளவுக்குப் பரவியது. திருமங்கலம் தாண்டித் தெற்கே கரிசலில் ராத்திரிப் பானையில் இருந்தது கம்பும் சோளமும். நெல்லுச்சோறு அங்கே விசேஷ நாள் சமாச்சாரம். கரிசல் எழுத்தாளர்கள் இதை மறந்ததில்லை. கரிசலில் பிறந்த நம் கவிஞர் மட்டும் தன் அப்பத்தாவுக்குத் தினமும் வெள்ளைச் சோற்றைப் பரிமாறிவிடுகிறார்.

யாருடைய மிச்சம் என்பது அடுத்த கேள்வி. கீதையின் பதினேழாம் அத்தியாயம் ராத்தங்கிய உணவையும் எச்சிலையும் ஒரே மூச்சில் தாமசத்தில் சேர்க்கிறது. அப்படி விலக்கியதுதான் பண்ணையாளுக்குக் கூலியோடு சேர்ந்து போனது. விலக்கியவர்கள் வீட்டிலும் மாவடுவோடு பழையது ருசித்துத் தின்னப்பட்டது வேறு விஷயம்.

இன்று மதுரை ஹோட்டல்களிலும் பழையது கலயத்தில் வருகிறது. இது நம்மூர் வியாதி மட்டுமல்ல. டாக்காவின் ரம்னா பூங்காவில் வங்காளப் புத்தாண்டன்று பாந்தா பாத்தை இலிஷ் மீனோடு தின்னும் வழக்கம் 1980களில் நகரத்து நடுத்தர வர்க்கம் ஏற்படுத்திக்கொண்டது. 2021இல் மாஸ்டர்செஃப் ஆஸ்திரேலியா இறுதிப் போட்டியில் கிஷ்வர் சௌத்ரி அதையே புகையூட்டிய சோற்று நீர் என்று நடுவர்கள் முன் வைத்தார். விலக்கப்பட்ட உணவு மேஜைக்கு வந்ததில் ஒரு நியாயம் இருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வருஷத்தில் ஒருநாள் தின்கிறவனின் ருசி தினமும் தின்றவளின் ருசி அல்ல.

இதை எழுத எனக்கும் யோக்கியதை குறைவு. நானே அப்படி ஒரு கவிதை எழுதியிருக்கிறேன். அச்சில் வந்ததும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கடைசிவரை கேட்டுவிட்டு, “நா எப்படா அதை ஆசைப்பட்டுத் தின்னேன்? உங்களுக்கெல்லாம் சுடுசோறு போட்டேன். மீந்துச்சு, தின்னேன்” என்றாள்.

அதோடு முடித்திருந்தால் நல்ல முற்போக்குக் கதையாகியிருக்கும். ஆனால் கேஸும் ஃபிரிட்ஜும் இருக்கிற இந்த வீட்டில், இன்றைக்கும் ராத்திரிச் சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றி வைக்கிறவளும் அவள்தான். ஒருநாள் விடிகாலையில் அடுப்படியில் நின்றபடியே நேற்றைய அயிரைக் குழம்பைத் தொட்டுத் தின்றுகொண்டிருந்தாள். சூடு பண்ணித் தரட்டுமா என்றேன். “போடா, சூடு காட்டினா ருசி போயிரும்” என்றாள்.

இரண்டும் அவள் சொன்னதுதான். ஒன்றை மட்டும் கேட்டவன் வறுமை பற்றி எழுதுவான். இன்னொன்றை மட்டும் கேட்டவன் மண்வாசனை எழுதுவான். இரண்டு வாக்கியங்களையும் ஒரே வாயில் வைக்கத் தெரிந்த கவிதையை நான் இன்னும் படிக்கவில்லை. என்னுடையதும் அது அல்ல. அடுத்த தொகுப்பில் அதைச் சேர்க்கப் போவதில்லை.