பழங்காசும் களிம்பும்

நாணயவியல் நூல்களைப் பயில்வோர் காசின் முகப்பையும் பின்புறத்தையும் அவற்றிற் பொறித்த எழுத்தையும் நோக்குவர். அவ்வெழுத்தை மூடிக் கிடந்த களிம்பை நோக்குவோர் அரியர். ஆயினும் பழங்காசொன்று கைக்கு வந்தவுடன் எழும் முதல் வினா, இஃது எவ்வரசன் காசு என்பதன்று. இதனைத் துலக்கலாமா, ஆகாதா என்பதேயாம். அரசன் பெயரிற் பிழைத்தால் பின்வந்தோர் திருத்துவர். துலக்குதலிற் பிழைத்தாலோ திருத்துதற்கு எழுத்தே எஞ்சாது.

கல்முனைக்குடி, சாய்ந்தமருது, நிந்தவூர் முதலிய கீழைக்கரை ஊர்களிலே பெருநாள் நெருங்குங்கால் வட்டாவும் படிக்கமும் பழப்புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கப்படுதல் பழைய வழக்கம். செம்பும் பித்தளையும் ஒளிர்தல் இல்லத்துக்குச் சிறப்பு. இவ்வழக்கமே நிலத்திற் காசு கண்டவன் கையையும் புளிக்குக் கொண்டு செல்கின்றது. வட்டாவின் தடிப்பு வேறு, காசின் எழுத்தினது உயரம் வேறு என்பதை அவனுக்கு எடுத்துரைத்தவர் இலர்.

செம்பிற் களிம்பை ஆணவமலத்துக்கு உவமையாக ஆளுதல் சைவ சித்தாந்த மரபு. உவமை தத்துவத்துக்கு மிகப் பொருந்தும், நாணயவியலுக்குப் பொருந்தாது. சித்தாந்தியின் களிம்பு அநாதி. இரசாயனவியலார் காணும் களிம்புக்கோ தொடக்கமுண்டு, படிமுறை வளர்ச்சியுண்டு. மண்ணுட் கிடக்கும் செம்பின்மேல் முதலிற் செந்நிறமான செப்பு ஒட்சைட்டுப் படையும், அதன்மேற் பச்சை நிறமான செப்புக் காபனேற்றுப் படையும் தோன்றும். இவை புறத்தேயிருந்து வந்து படிந்த அழுக்கல்ல. காசின் உலோகமே மாறிய வடிவங்கள். ஆகவே அச்சுப் பதித்த அன்று காசுக்கிருந்த மேற்பரப்பு, இன்று பல காசுகளிற் களிம்பினுள்ளேயே உளது. உலோகம் தோன்றுமளவும் அமிலத்தாற் கரைப்பவன் எழுத்தின்மேற் கிடந்த திரையை அகற்றவில்லை, எழுத்தையே அகற்றுகின்றான். எஞ்சுவது செந்நிறமான, குழிவிழுந்த ஒரு செப்புத்தகடு. நிறையும் குறைந்துவிடும். பொலன்னறுவை அரசர்களின் செப்பு மாசைகள் ஏறத்தாழ 4 கிராம் நிறையுடையன; அவற்றின் நிறையை ஒப்பிட்டு ஆராய விரும்புவோர்க்கு அமிலத்திற் கிடந்த காசு உதவாது.

இக்காரணங்களாற் பழங்காசை எக்காலத்தும் தொடுதல் ஆகாது என்று விதிப்போரும் உளர். அவர் கொள்கையும் ஏற்கத்தக்கதன்று. சங்ககாலத் தமிழரசர் தம் பெயர் பொறித்துக் காசு அச்சிட்டனரா என்னும் வினா நெடுங்காலம் ஐயத்துக்கிடமாகவே இருந்தது. இரா. கிருஷ்ணமூர்த்தி 1980களிற் பெருவழுதி என்னும் பெயரைத் தமிழ்ப் பிராமி எழுத்திற் பொறித்த பாண்டியர் செப்புக் காசை வெளியிட்ட பின்னரே அவ்வையம் நீங்கலாயிற்று. கரூரில் அமராவதி ஆற்றுப்படுகை தந்த காசுகளால் மாக்கோதை, குட்டுவன் கோதை முதலிய சேரர் பெயர்களும் வெளிப்பட்டன. மண்ணும் களிம்பும் மூடிய காசில் எழுத்துத் தானே புலப்படுவதில்லை. ஒருவரும் தொடாதிருந்தால் பெருவழுதியின் பெயர் இன்றும் ஒரு பச்சைக் கட்டியினுள்ளே உறங்கிக்கொண்டிருக்கும்.

எனினும் இவ்வெடுத்துக்காட்டைத் தமக்குத் துணையாகக் கொண்டு எல்லாக் காசையும் துலக்கப் புகுவோர் ஒன்றை மறக்கின்றனர். களிம்பு மூடிய எழுத்து வேறு. வழங்கித் தேய்ந்த எழுத்து வேறு. இலங்கையிற் பெருந்தொகையாகக் கிடைத்த, கி.பி. நான்காம் ஐந்தாம் நூற்றாண்டுகளுக்குரிய சிறிய உரோமச் செப்புக் காசுகளுட் பெரும்பாலன கைமாறிக் கைமாறித் தேய்ந்தவை. அவற்றை எத்துணைத் துலக்கினும் இல்லாத எழுத்து வாராது. அவற்றைப் பார்த்து இங்கேயே செய்த போலிக் காசுகளும் உள. உரோமக் காசையும் போலியையும் வேறுபடுத்த உதவும் நுண்ணிய வரைகள் துலக்குதலால் முதலில் அழிவன.

இடபமும் சேது என்னும் எழுத்தும் பொறித்த காசுகளின் வரலாறு இன்னொரு பாடம் தருகின்றது. அவற்றைச் சேதுபதிகளுக்கு உரியனவாக முன்னர்ச் சிலர் கொண்டனர். சுவாமி ஞானப்பிரகாசர் முதலியோர் யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளுக்கு உரியன என்றனர். எழுத்தைப் படிப்பதில் இரு சாராருக்கும் இடர்ப்பாடில்லை. வழக்கைத் தீர்க்க உதவியது, அவை யாழ்ப்பாணத்து மண்ணிலே மிகுதியாகக் கிடைத்தமை. காசைப் புளியில் இடுபவன் பெரும்பாலும் அஃது எங்கே, எவ்வாழத்தில், எவற்றோடு கிடந்ததென்று எழுதி வைப்பதில்லை. உண்மையில் இக்குறைபாடு துலக்குதலினும் பெரிது.

கீழைக்கரைக்கேயுரிய இடரொன்றும் உண்டு. கடற்கரை மண்ணிலும் காற்றிலுமுள்ள உப்பு செம்போடு கூடிக் குளோரைட்டாகும். ஈரமும் ஒட்சிசனும் சேருங்கால் அதிலிருந்து ஐதரோகுளோரிக்கமிலம் பிறக்கும். அமிலம் புதிய செம்பைத் தின்னும். மீண்டும் குளோரைட்டு உண்டாகும். காசின்மேல் வெளிறிய பச்சைப் பொடி தோன்றுவது இந்நோயின் அடையாளம். உறுதியான கரும்பச்சைப் படையை விட்டுவைக்கலாம். விரல் பட்டவுடன் உதிரும் வெளிர்ப்பொடியை விட்டுவைத்தல் காசைக் கொல்வதாகும். தொடாதே என்னும் விதி இங்கே முறிகின்றது.

மருத்துவமும் நோய்க்குத் தக்கதாதல் வேண்டும். சென்னை அரசு அருங்காட்சியகத்தில் 1930இல் இரசாயனப் பாதுகாப்புக் கூடம் அமைந்தது, அங்கே எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையால் வெண்கலப் படிமங்களைச் சீர்செய்தார். உள்ளே திண்ணிய உலோகமுடைய படிமத்துக்கு ஏற்ற அம்முறையை மெல்லிய காசுக்கு அப்படியே கொள்ளுதல் ஆகாது. காய்ச்சி வடித்த நீரிற் பலநாள் ஊறவைத்து அடிக்கடி நீரை மாற்றுதல், உருப்பெருக்கியின் கீழ் மரக்குச்சியால் மண்ணை நீக்குதல் என்பன மெல்லிய முறைகள். 1967இல் மட்சன் என்பார் வெளியிட்ட பென்சோதிரையசோல் முறை குளோரைட்டு நோயைத் தடுத்து நிறுத்த உதவுகின்றது; ஆயின் அது நச்சுத்தன்மையுடையது, ஆய்வுகூடத்துக்கே உரியது. வீட்டிற் செய்யத்தக்கது, மூடிய கலத்தில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு காசை வைத்துக் காற்றின் சாரீரப்பதனை நூற்றுக்கு 40இன் கீழ் நிறுத்துதலே.

வெள்ளிக்கும் இவ்வெச்சரிக்கை வேண்டும். பாரசீக வணிகத்தோடு வந்து, கண்டியரசிலும் கொக்கி வடிவில் வழங்கிய லாரின் காசு, வளைத்த வெள்ளிக் கம்பியே. அதன் தட்டையான பகுதியில் அரபெழுத்துப் பதிவு முழுச் சொல்லாக இருத்தல் அரிது. பெரும்பாலும் சில கீற்றுகளே உள. அக்கீற்றுகளே காசின் பிறப்பிடத்தைக் கூறுவன. முசுலிம் வணிகர் கடல்வழிகளை ஆராயப் புகும் கீழ்மாகாண மாணாக்கனுக்கு அவற்றினும் சிறந்த சான்று வாய்த்தல் எளிதன்று. பளபளப்புக்காக ஒருமுறை மெருகுபொடி தேய்த்தாற் போதும். லாரின் வெறுங் கம்பியாகிவிடும்.

துலக்கும் உரிமை எவருக்குண்டு என்பதையும் எண்ணுதல் தகும். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட் கட்டளைச் சட்டப்படி நிலத்திற் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. கண்டவர் அறிவித்தல் கடமை. பழைய சேகரிப்பிலுள்ள காசாயின், முதலில் இருபுறமும் ஒளிப்படமெடுத்து, நிறையும் விட்டமும் கிடைத்த இடமும் எழுதிய பின்னரே ஒரு துளி நீரேனும் அதன்மேற் படலாம். வெளிர்ப்பொடி இல்லையாயின் அந்நீரும் வேண்டுவதின்று.