பையர் ஆங்கிலமும் பட்டியல் படிப்பும்

பனியன் கம்பெனியில், வெளிநாட்டுக் கொள்முதலாளரான பையரோடு பேசி ஆர்டரைக் கையாளும் மெர்ச்சன்டைசராகச் சேர நினைக்கும் பிள்ளைகள் ஆங்கிலம் பழகக் கையில் எடுப்பது பெரும்பாலும் மரபுத்தொடர்ப் பட்டியலைத்தான். முன்பு ராப்பிடெக்ஸ் புத்தகமும் முப்பது நாள் கையேடுகளும் இருந்தன. இப்போது நாளுக்கொரு தொடர் சொல்லித்தரும் காணொளிகள். இந்தப் படிப்பை மட்டமாகப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழ்வழியில் படித்து, வீட்டின் முதல் பட்டதாரியாக வேலைக்கு வரும் ஒரு பெண்ணுக்கு, சொல்லுக்குச் சொல் பொருள் தேடிப் பதறாமல், 'இதற்கு நேர்ப்பொருள் இல்லை' என்று நிதானிக்கும் காதை அது தருகிறது. பையர் "ஷார்ப்பன் யுவர் பென்சில்" என்று எழுதினால் விலையைக் குறைக்கச் சொல்கிறார். "ட்ராப் டெட் டேட்" என்றால் இனித் தள்ளவே முடியாத கடைசித் தேதி. அதைச் சாதாரணக் கெடு என்று எண்ணிவிட்டால், கப்பலில் போக வேண்டிய சரக்கைக் கம்பெனி தன் செலவில் விமானத்தில் அனுப்ப நேரலாம். ஆர்டரின் லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

ஆனால் யார், யாரிடம், எப்போது இப்படிப் பேசுவார்கள் என்பதைப் பட்டியல் சொல்வதில்லை. நம் இலக்கணம் இதில் எவ்வளவோ கூர்மையானது. நன்னூல் தகுதி வழக்கை இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என்று பிரிக்கிறது. பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள் என்று பள்ளியில் படித்தோமே, அந்தப் பாடத்தில் சொல்லோடு அதைச் சொல்லும் கூட்டமும் சேர்ந்தே வந்தது. ஆங்கிலம் கற்பிக்கும்போது மட்டும் இதை மறந்து, நாயும் பூனையுமாக மழை பெய்யும் பழந்தொடரையும் நேற்றுப் பிறந்த இளவட்டக் கொச்சையையும் ஒரே வரிசையில் அடுக்கிவிடுகிறோம். திருப்பூர் தைக்கும் கையில்லாத வெள்ளை ரிப் பனியனுக்கு அமெரிக்கக் கொச்சையில் "ஒய்ஃப் பீட்டர்", அதாவது மனைவியை அடிப்பவன், என்றொரு பெயர் உண்டு. சினிமாவில் கேட்ட அந்தச் சொல்லை ஒரு பிள்ளை பையருக்கு எழுதிவிட்டால், எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பார். எழுதியவருக்குக் காரணமே புரியாது. கொச்சையைக் காதுக்குப் பழக்குவோம். வாய்க்கு அவசரம் வேண்டாம்.

இன்னொரு குறை எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுகிறது. பட்டியலில் இடம்பெறும் வண்ணத் தொடர்களைவிட, தெரிந்ததுபோல் தோன்றும் எளிய சொற்களே தொழிலில் அதிகம் சறுக்கவைக்கும். "வெஸ்ட்" என்றால் பிரிட்டனில் நம் பனியன். அமெரிக்காவில் சட்டைக்கு மேல் அணியும் கையில்லாத மேலங்கி. "ஜம்பர்" பிரிட்டனில் ஸ்வெட்டர், அமெரிக்காவில் கையில்லாத கவுன். டெக் பேக் எனும் வடிவமைப்பு விவரக்குறிப்பு வந்துவிட்டால் படமும் அளவும் காப்பாற்றும். அதற்கு முன், வெறும் மின்னஞ்சலை வைத்து விலை சொல்லும் கட்டத்தில்தான் கணக்குத் தப்பும்.

மென்மையான சொற்கள் அதைவிடக் கடினம். சாம்பிளைப் பார்த்து பிரிட்டிஷ்காரர் "குவைட் நைஸ்" என்றால் பெரும்பாலும் அரைமனதுதான். அமெரிக்கர் சொன்னால் பாராட்டு. "எ பிட் கன்சர்ன்ட்" என்று வந்தால், கொஞ்சம்தானே என்று விட்டுவிட முடியாது. கடன் கேட்டு வந்தவரிடம் "பார்க்கலாங்க" என்று நம்மூர்ப் பெரியவர் சொன்னால் கிடைக்காது என்று புரிந்துகொள்ளும் பிள்ளைகள்தான் இவர்கள். அந்த நுட்பம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தொட்டு எழுப்பாமல் நூறு தொடர்களை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண் உழைப்பு.

பையர் எல்லோருக்கும் ஆங்கிலம் தாய்மொழியும் அல்ல. திருப்பூரின் நேரடி ஏற்றுமதிக் கதையே எழுபதுகளின் இறுதியில் வெள்ளை டி-சர்ட் தேடி வந்த ஓர் இத்தாலிய இறக்குமதியாளரிலிருந்துதான் சொல்லப்படுகிறது. ஜெர்மானியருக்கும் ஸ்பானியருக்கும் நாம் அலங்காரமாக எழுதினால் குழப்பமே மிஞ்சும். நம் அலுவலக ஆங்கிலமும் ஒரு குழூஉக்குறிதான். பதில் தருகிறோம் என்ற பொருளில் நிறம் பற்றி "ரிவர்ட்" செய்கிறோம் என்று எழுதினால், பழைய நிறத்துக்கே திரும்புகிறார்கள் என்று வெளிநாட்டவர் படிக்க இடமிருக்கிறது.

2024-25இல் திருப்பூரின் ஏற்றுமதி சுமார் 40,000 கோடி ரூபாய். அந்த வியாபாரத்தில் பெரும்பகுதி மின்னஞ்சலிலும் போனிலுமே பேசி முடிக்கப்படுகிறது. இந்தத் தொழிலுக்காகவே உருவான நிஃப்ட்-டீ கல்லூரி போன்ற இடங்கள், பெயர்களை நீக்கிய உண்மையான பையர் மின்னஞ்சல்களைப் பாடமாக வைக்கலாம். போனில் பேசி முடித்ததும் "நாங்கள் இப்படிப் புரிந்துகொண்டோம், சரிதானா?" என்று எழுதிக் கேட்கும் பழக்கத்தை முதல் வாரத்திலேயே ஊட்டலாம். கேட்டால் மட்டமாக நினைப்பார்களோ என்ற கூச்சம்தான் தடை. அதை உடைப்பது மூத்த மெர்ச்சன்டைசர்களின் கடமை.

பாரம் முழுவதையும் கற்பவர் தலையில் ஏற்றுவதும் நியாயமில்லை. தொழிலாளர் நடத்தை விதிகளைத் தமிழில் அச்சிட்டுச் சுவரில் மாட்டச் சொல்லும் பிராண்டுகள், தங்கள் பையர்களிடமும் ஒன்றைக் கேட்கலாம்: விலை, நிறம், தேதி மூன்றையும் பற்றி எழுதும்போது நேர்ச்சொல்லில் எழுதுங்கள் என்று.